கட்டாரியின் 12 வருடங்கள்: கடற்படைக்கு வெளியே தேறிய கடற்படைத் தலைவர்

கரும்பலகையில் முதலில் மூன்று தேதிகளை எழுதிப் போட்டேன்.

1949 ஜனவரி 15: ராணுவத்துக்கு முதல் இந்தியத் தளபதி, கரியப்பா.
1954 ஏப்ரல் 1: விமானப்படைக்கு முதல் இந்தியத் தளபதி, சுப்ரதோ முகர்ஜி.
1958 ஏப்ரல் 22: கடற்படைக்கு முதல் இந்தியத் தளபதி, ராம்தாஸ் கட்டாரி.

சுதந்திரம் வந்தது 1947இல். ராணுவத்தில் வெள்ளைக்காரர் ஒன்றரை வருடத்தில் இறங்கிவிட்டார். கடற்படையில் மட்டும் ஹால், பாரி, பிஸி, கார்லில் என்று நான்கு ஆங்கிலேயர் வரிசையாக உட்கார்ந்து, பத்தே முக்கால் வருடம் போன பிறகுதான் நாற்காலி கைமாறியது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. அதற்கு விடை கட்டாரியின் பிற்கால வாழ்க்கையில் இல்லை, அவர் இளமையில் பார்த்த வேலைகளில் இருக்கிறது.

இதை எழுத நேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் வணிகக் கப்பலில் 22 வருடம் ஓடியவன். இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் மும்பையில் சரக்கு சர்வேயராகக் காலம் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆன்டாப் ஹில் பக்கம் ஒரு சின்ன அறையில், கப்பலுக்குப் போக ஆசைப்படும் நம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பேன். எல்லாம் தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துப் பிள்ளைகள். தாத்தா காலத்தில் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள். கப்பல் வேலைக்கு வேண்டிய சி.டி.சி. என்ற மாலுமிப் புத்தகம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட்டிடம் பணத்தைத் தொலைத்தவர்களும் அதில் இரண்டு பேர். அவர்களுக்கு அறிவுரை சொன்னால் தூங்கிவிடுவார்கள். ஒருவரின் வாழ்க்கையை அலசச் சொல்லி ஒரு 'கேஸ்' கொடுத்தால் சண்டை போடுவார்கள். சண்டைதான் நல்லது.

நான் முதலில் தயாரித்த வடிவம் மோசமாக இருந்தது. ஒழுக்கம், உழைப்பு, நாட்டுப்பற்று என்று அளந்து வைத்திருந்தேன். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ஏண்ணே, இவரு மொதல்ல நேவிலயே சேரலியா?"

"இல்லப்பா. 1939லதான் சேர்றாரு."

"அப்போ பொறந்தது 1911ன்னு சொன்னீங்களே. 28 வயசு வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தாரு?"

அதற்குப் பிறகு நான் எழுதி வைத்திருந்த காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, அவன் கேட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினேன்.

வாசல் திறந்த கதை

கட்டாரி பிறந்தது 1911 அக்டோபர் 8, செங்கல்பட்டில். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. 'நம்ம ஊர்க்காரர்' என்று சங்க மேடையில் சால்வை போடுகிற அவசரம் வேண்டாம். பிறந்த ஊர் செங்கல்பட்டு என்றாலும், அவர் படித்து வளர்ந்தது ஐதராபாத், செகந்திராபாத் பக்கம். தமிழர்கள் உரிமை கொண்டாட இந்தக் கதையில் வேறொரு ஆள் இருக்கிறார். அவரைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம்.

அவர் பி.எஸ். சிவசாமி ஐயர். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், சென்னையில் பெரிய வக்கீல். மயிலாப்பூரில் லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளி இருக்கிறதே, அந்தச் சிவசாமி ஐயர்தான். டெல்லி மத்திய சட்டசபையில் அவர் விடாமல் பேசிய விஷயங்களில் ஒன்று ராணுவத்தில் இந்திய அதிகாரிகள். இன்னொன்று கப்பல். இந்தியர்களுக்கென்று வணிகக் கப்பல் துறை வேண்டும், இந்தியப் பிள்ளைகளுக்குக் கப்பல் அதிகாரிப் பயிற்சி வேண்டும் என்று 1922இல் தீர்மானம் கொண்டுவந்தார். அதன் விளைவாக ஹெட்லம் என்ற கேப்டன் தலைமையில் 1923இல் ஒரு கமிட்டி அமைந்தது.

கமிட்டி சொன்னவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பயிற்சிக் கப்பல் வேண்டும். இரண்டு, இந்தியக் கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்க வேண்டும். அரசாங்கம் முதலாவதை ஏற்றது, இரண்டாவதைக் கிடப்பில் போட்டது. வ.உ.சி.யின் சுதேசிக் கம்பெனியைக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கியே நொறுக்கிய கதை தெரிந்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்காது. பயிற்சி கொடுப்பதால் ஆங்கிலக் கம்பெனிகளுக்கு நஷ்டமில்லை. வாணிபத்தை ஒதுக்கினால் நஷ்டம். பையனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டுக் குளத்தைப் பூட்டி வைத்தது மாதிரிதான்.

ஆனாலும் அந்த அரைகுறைச் சலுகைதான் வாசல். 1904இல் இங்கிலாந்தில் கட்டிய 'டஃபரின்' என்ற பழைய துருப்புக் கப்பலைப் பம்பாயில் மஜ்காவ் எதிரே நங்கூரம் பாய்ச்சி நிறுத்தி, 1927இல் அதைப் பயிற்சிக் கப்பலாக்கினார்கள். அந்த முதல் அணியில் ஏறியவர்களில் ஒருவர் 16 வயது கட்டாரி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1927இல் கடற்படை என்று ஒன்று இங்கே கிடையாது. 'ராயல் இண்டியன் மரைன்' இருந்தது. அதில் இந்திய அதிகாரி ஒருவர்கூட இல்லை. முதல் ஆளாக டி.என். முகர்ஜி என்ற எஞ்சினியர் நுழைந்ததே 1928இல்தான். அது 'ராயல் இண்டியன் நேவி' ஆனது 1934 அக்டோபர் 2இல். ஆக, டஃபரினில் ஏறிய பையன் எவனும் கடற்படைத் தளபதி கனவோடு ஏறியிருக்க முடியாது. அப்படி ஒரு பதவியே அப்போது இல்லை. அவனுக்குத் தெரிந்த உச்சம், ஒரு சரக்குக் கப்பலில் என்றாவது ஒருநாள் கேப்டன் ஆவது.

மஜ்காவ்

பிள்ளைகளை அங்கேயே கூட்டிக்கொண்டு போனேன். ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் பிடித்து டாக்யார்டு ரோடு ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்தில் மேட்டில் இருக்கும் ஜோசப் பாப்டிஸ்டா தோட்டத்துக்கு ஏறினால் துறைமுகம் மொத்தமும் காலடியில் தெரியும். கப்பல் கட்டும் கிரேன்கள், சேறு நிறத்துத் தண்ணீர், எதிரே மங்கலாக எலிஃபண்டா. "எங்கண்ணே அந்தக் கப்பல்?" என்று ஒருத்தி கேட்டாள். இப்போது இல்லை. 1972இல் 'ராஜேந்திரா' வந்ததும் டஃபரினுக்கு விடை கொடுத்துவிட்டார்கள். பிறகு 1990களில் அந்தப் பயிற்சி கரைக்கு ஏறி நவி மும்பையில் 'சாணக்யா'வாக மாறிவிட்டது.

அசையாத கப்பலில் மூன்று வருடம் என்றால் சிரிப்பு வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பம்பாய்த் துறைமுகத்தில் அலையேற்றம் பெரிது. வற்றத்தில் பார்த்த தண்ணீருக்கும் ஏற்றத்தில் பார்க்கும் தண்ணீருக்கும் சில நாட்களில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலேயே வித்தியாசம் இருக்கும். நங்கூரத்தில் நிற்கிற கப்பல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தோடு முகம் திரும்பும். படகை இறக்கி, துடுப்புப் போட்டு, எதிர் ஓட்டத்தில் கரைக்குப் போய்த் திரும்பிவரக் கற்றவனுக்குத் தண்ணீரின் குணம் பிடிபட்டுவிடும். வகுப்பறையில் வராத பாடம் அது.

கட்டாரி 1930இல் வைஸ்ராய் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். பதக்கம் வாங்கிய பையனுக்குக் கடற்படை கதவைத் திறந்ததா என்றால், இல்லை. அந்தக் காலத்தில் டஃபரின் முடித்தவன் வணிகக் கப்பலில் அப்ரன்டிஸாகப் போவான். ஆங்கிலக் கம்பெனிகள் இழுத்தடிக்கும், சிந்தியா போன்ற இந்தியக் கம்பெனி கைகொடுக்கும். கட்டாரி கடைசியில் போய்ச் சேர்ந்தது கல்கத்தாவில், துறைமுகக் கமிஷனர்களின் ஹூக்ளி ஆற்றுப் பணியில்.

ஆறு

கேஸின் நடுவயிறு இதுதான். இதைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். 'கல்கத்தாவில் சில காலம் பணிபுரிந்தார்' என்று எழுதிவிட்டு நேராகப் போருக்குப் போய்விடுகிறார்கள். ஆற்று வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன சில காலம் என்று.

கல்கத்தா கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஆற்றோடு சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே ஏறிப் போகவேண்டும். ஹூக்ளி மண்ணைச் சுமந்து வருகிற ஆறு. இன்று ஆழமாக இருந்த தடத்தில் அடுத்த வாரம் மணல் திட்டு முளைத்திருக்கும். தாமோதரும் ரூப்நாராயணும் வந்து கலக்கிற இடத்தில் 'ஜேம்ஸ் அண்ட் மேரி' என்று ஒரு மணல்திட்டு. 1694இல் அங்கே உடைந்த கப்பலின் பெயர் அது. அதில் தட்டிய கப்பலை ஓட்டம் புரட்டிப் போட்டுவிடும், மணல் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த ஆற்றில் ஆழம் பார்க்கிற வேலைக்கு ஓய்வே கிடையாது. இன்று இவ்வளவு தண்ணீர் என்று, ஆற்றில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்குச் சொன்னால்தான் கப்பல் நகரும்.

ஆழம் பார்ப்பது எப்படி என்று வாயால் சொன்னால் மண்டையில் ஏறாது. ஒரு ஈயக்குண்டு, கொஞ்சம் கயிறு, ஒரு துணி சோப்பு எடுத்துக்கொண்டு பாவுச்சா தக்கா படகுத்துறைக்கு இறங்கினோம். மீன் நாற்றம், டீசல் புகை, ரேவாஸ் லாஞ்சுக்குக் கூச்சல். குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். பழைய காலத்தில் அதில் கொழுப்பை அப்புவார்கள், நான் சோப்பை நசுக்கி அடைத்தேன். கயிற்றில் அடையாளங்கள்: இரண்டு பாகத்தில் (ஒரு பாகம் ஆறடி) இரண்டு தோல் துண்டு, மூன்றில் மூன்று துண்டு, ஐந்தில் வெள்ளைத் துணி, ஏழில் சிவப்பு, பத்தில் ஓட்டை போட்ட தோல். இருட்டில் எப்படிப் பார்ப்பது என்று கேட்டான் ஒருவன். பார்ப்பதில்லை, தடவுவது. வெள்ளைக்கு ஒரு நெசவு, சிவப்புக்கு வேறு நெசவு. கை குளிரில் மரத்துப்போனால் உதட்டில் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

நான் 'ஃபேதம்' என்று ஆங்கில அளவைச் சொல்ல வாயெடுத்தேன். உவரிப் பக்கத்துத் தாத்தா இருக்கிற பையன் முந்திக்கொண்டான்: "பாகம்ண்ணே. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம். எங்க தாத்தா பத்துப் பாகத் தண்ணி, இருவது பாகத் தண்ணின்னுதான் சொல்லுவாரு." இரண்டும் ஒரே அளவுதான், ஆறடி. இங்கிலாந்து மாலுமியும் உவரி மீனவனும் ஒரே கையை விரித்து அளந்திருக்கிறார்கள்.

அவனே குண்டை எறிந்தான். இரண்டு தோல் துண்டு நனைந்தது. இழுத்துப் பார்த்தால் சோப்பில் கரேலென்று சேறு, அதில் ஒரு சின்னக் கிளிஞ்சல். "இது எதுக்கு?" என்றான். ஆழம் மட்டும் தெரிந்தால் போதாது. அடியில் சேறா, மணலா, பாறையா என்று தெரிந்தால்தான் நங்கூரம் பிடிக்குமா, தட்டினால் கப்பல் பிழைக்குமா என்று சொல்ல முடியும். தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் தொட்டுப் பார்க்காமல் ஊகிக்கிற வேலை. 1930களில் ஒரு இளைஞன் இப்படிப்பட்ட வேலையில் ஊறியிருந்தால், நாளைக்கு நீர்மூழ்கி தேடு என்று யாராவது சொன்னால் அது அவனுக்கு முற்றிலும் அந்நியமாக இருந்திருக்காது. இது என் ஊகம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போர் கொடுத்த குறுக்குவழி

1939இல் போர் தொடங்கியபோது ராயல் இண்டியன் நேவியிடம் இருந்த போர்க்கப்பல்கள் எட்டு. 1945இல் ஆள் பலம் 30,000. இப்படி வீங்குகிற படைக்குச் சிப்பாய் கிடைப்பான், அதிகாரி எங்கிருந்து கிடைப்பான்? ஏற்கெனவே கடல் தெரிந்தவனைத் தேடினார்கள். ரிசர்வ் பிரிவில் சேர்ந்த கட்டாரிக்கு அப்போது வயது 28, தண்ணீரில் அனுபவம் 12 வருடம். பின்பு நிரந்தரப் பணிக்கு மாற்றப்பட்டார். அதன் பிறகு பாதை நேரானது. 1956இல் ரியர் அட்மிரலாகக் கடற்படையணியின் முதல் இந்தியத் தளபதி, 1958இல் படைத் தலைவர். அவர் காலத்தில்தான் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் வந்தது, கோவா விடுதலை நடந்தது. 1962இல் ஓய்வு, பிறகு பர்மாவில் இந்தியத் தூதர். அவர் தலைவராக இருந்தபோது தோளில் இருந்தது வைஸ் அட்மிரல் பட்டைதான். முழு அட்மிரல் பதவி கடற்படைக்கு வந்தது 1968இல், ஏ.கே. சட்டர்ஜிக்கு. தேர்வில் இதைக் கேட்டால் மாற்றி எழுதிவிடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு

இப்போது மூன்று தேதிகளுக்குத் திரும்புவோம். கரியப்பா அதிகாரியானது 1919. தளபதியானது 30 வருடம் கழித்து. முகர்ஜி விமானப்படை பிறந்த 1932இலேயே அதிகாரி, தளபதியாக 22 வருடம். கட்டாரி 1939இலிருந்து 1958 வரை, 19 வருடம். இந்தக் கணக்கின்படி மூவரில் வேகமாக ஏறியவர் கட்டாரி. அப்படியானால் கடற்படைதான் சீக்கிரம் இந்தியர் கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையே?

ஏனென்றால் தொடக்கத்தைத் தப்பாகப் பிடித்திருக்கிறோம். 1927இலிருந்து எண்ணினால் 31 வருடம். கரியப்பாவின் 30க்கும் இதற்கும் விரல்கடை வித்தியாசம். ஒரு படைத் தலைவர் விளைய முப்பது வருடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ராணுவத்தில் விதை 1919இல் விழுந்தது. கடலில் 1927இல், அதுவும் கடற்படைக்கு வெளியே, ஒரு பயிற்சிக் கப்பலில் விழுந்தது. தாமதம் 1947க்குப் பிறகு வந்த தாமதம் இல்லை. 1920களிலேயே வந்துவிட்ட தாமதம் 1958 வரை நீண்டது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. வகுப்பிலேயே வந்தது. அப்போது வாங்கிய கப்பல் எல்லாம் இங்கிலாந்துக் கப்பல், பயிற்சியும் அங்கேதான். அதனால் ஆங்கிலேயத் தலைவர் இருந்தால் காரியம் சுலபம் என்று நேரு அரசு நினைத்திருக்கலாம் அல்லவா? உண்மைதான். 1948இல் வந்த டெல்லி என்ற க்ரூஸர் வகைப் போர்க்கப்பல், போரில் 'அக்கிலீஸ்' என்ற பெயரில் ஓடியது. அதன் போர்க்காலக் கேப்டன் எட்வர்ட் பாரியே அதே வருடம் நமக்குத் தலைவராகவும் வந்தார். கப்பலையும் கேப்டனையும் சேர்த்தே தந்தார்கள் போல. ஆனாலும் தயாரான ஓர் இந்தியர் இருந்திருந்தால் இந்தக் காரணம் நின்றிருக்காது என்பது என் கட்சி. விமானமும் அங்கிருந்துதான் வந்தது. அதற்காக விமானப்படை 1958 வரை காத்திருக்கவில்லை.

அடுத்த விஷயம் இன்னும் சுவாரஸ்யம். 1930களிலேயே நேரடியாகக் கடற்படைக்குள் நுழைந்தவர்கள் இருந்தார்கள். சோமன் 1962இலும் சட்டர்ஜி 1966இலும் தலைவரானது அந்த வழியில்தான். நேரே உள்ளே போனவர்களுக்கு முன்னால், வெளியே சுற்றிவிட்டு 1939இல் வந்தவர் நாற்காலிக்கு வந்துவிட்டார். கட்டாரி வயதிலும் மூத்தவர் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் அந்த வெளி வருடங்கள் வீண் போகவில்லை என்று சொல்ல இது போதும்.

இந்தக் கேஸைக் காட்டி, சரக்குக் கப்பலில் ஏறினால் அட்மிரல் ஆகலாம் என்று யாராவது ஏஜென்ட் விளம்பரம் போட்டால் நம்பாதீர்கள். அந்தக் குறுக்குவழியைத் திறந்தது ஒரு உலகப் போர். டஃபரினும் இலவசம் இல்லை, பெற்றோர் கட்டணம் கட்டவேண்டும். தாராவித் தோல் கிடங்கில் அன்றைக்கு உழைத்தவர் வீட்டுப் பிள்ளை அதில் ஏறியிருக்க முடியாது. சிவசாமி ஐயர் திறந்த வாசலுக்கும் ஒரு படி உயரம் இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் அந்த முதல் கேள்வி கேட்ட பையன் சத்தமே இல்லாமல் வந்தான். அவன் அப்பா சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு இடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக 11 வருடம் இருந்து, பிறகு நிரந்தரமானவர். அந்த 11 வருடத்தைச் சர்வீஸில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் இன்றைக்கும் அது ஒரு பேச்சு. வடாலா தாண்டியதும் கேட்டான்:

"ஏண்ணே, கட்டாரிக்கு அந்த 12 வருஷம் பென்ஷன்ல சேந்துச்சா?"

எதிர் சீட்டில் ஈயக்குண்டை மடியில் வைத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்த உவரிப் பையன் தலையைத் தூக்கினான்.

"அட்மிரலுக்கு என்னல பென்ஷன் கவலை. உங்கப்பாவுக்குக் கேளு."